எல்ஐசியின் நம்பிக்கைக்கு விலை என்ன?

ஒரு நிறுவனம் முதன்முறையாகப் பங்குச் சந்தைக்கு வரும்போது, அதன் கட்டிடங்களுக்கும் எந்திரங்களுக்கும் மட்டும் விலை குறிக்கப்படுவதில்லை. ஊழியர்களின் திறன், வாடிக்கையாளர்களின் நம்பிக்கை, மென்பொருள், வணிகப் பெயர், விநியோக வலைப்பின்னல் ஆகிய அனைத்தும் விலையாகின்றன. இவற்றையே அறிவுசார் மூலதனம் என்கின்றனர். ஆனால் இந்தியக் கணக்கியல் தரநிலை 38-இன்படி, நிறுவனம் தானே வளர்த்தெடுத்த வணிகப் பெயரையோ வாடிக்கையாளர் பட்டியலையோ ஐந்தொகையில் சொத்தாகக் காட்ட இயலாது. எனவே தணிக்கைக் கணக்கில் இடம்பெறாத மதிப்பு, பங்கு வெளியீட்டு அறிக்கையின் வருணனையில் இடம்பெறுகிறது. அதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைப் பெரிதும் விற்பவரே தீர்மானிக்கிறார்.

இந்த இடைவெளி யாருக்குப் பயன்படுகிறது? இரண்டு வெளியீடுகளை ஒப்பிட்டாலே விளங்கும்.

2021 நவம்பரில் பேடிஎம்மின் தாய் நிறுவனமான ஒன்97 கம்யூனிகேஷன்ஸ், பங்கு ஒன்றுக்கு 2,150 ரூபாய் விலையில் 18,300 கோடி ரூபாய் திரட்டியது. 2020-21இல் அதன் நட்டம் சுமார் 1,701 கோடி. ஆயினும் பயனர் எண்ணிக்கை, தொழில்நுட்பம், எதிர்கால வளர்ச்சி ஆகியவற்றைக் காட்டி அதன் மதிப்பு ஏறத்தாழ 1.39 லட்சம் கோடியாக நிர்ணயிக்கப்பட்டது. திரட்டிய தொகையில் 10,000 கோடி நிறுவனத்தின் வளர்ச்சிக்குச் செல்லவில்லை. ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களின் கைக்குச் சென்றது. பட்டியலிடப்பட்ட முதல் நாளிலேயே பங்கின் விலை சுமார் 27 சதவீதம் சரிந்தது. அந்தச் சுமை, வாங்கியவர்களின் தலையில் விழுந்தது.

ஆறு மாதங்களுக்குப் பின், 2022 மே மாதத்தில், ஒன்றிய அரசு எல்ஐசியின் 3.5 சதவீதப் பங்குகளை 949 ரூபாய் விலையில் விற்றது. 1956இல் 5 கோடி ரூபாய் அரசு மூலதனத்துடன் தொடங்கிய நிறுவனம் அது. அதை வளர்த்தது பாலிசிதாரர்களின் சேமிப்பும், ஊழியர்களின் உழைப்பும், பதின்மூன்று லட்சம் முகவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று ஈட்டிய நம்பிக்கையும்தான். ஆனால் அதன் விலைக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது 'உள்ளார்ந்த மதிப்பு' எனும் கணக்கு. நிகரச் சொத்தையும், நடப்பிலுள்ள பாலிசிகளின் எதிர்கால லாபத்தையும் மட்டுமே அது கூட்டுகிறது. இனி முகவர்கள் கொண்டுவரப்போகும் புதிய வணிகம் அதில் சேராது. அந்த மதிப்பைப் போல் சுமார் 1.1 மடங்கில் எல்ஐசி விற்கப்பட்டபோது, தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் சந்தையில் இரண்டு மடங்குக்கும் மேலான விலை பெற்றிருந்தன.

பட்டியலிட்ட அன்றே எல்ஐசி பங்கும் சரிந்ததே, விலை குறைவு என்று எப்படிச் சொல்வது எனச் சிலர் கேட்கலாம். பங்குதாரருக்குக் கிடைக்கப்போகும் லாபத்தை மட்டுமே சந்தை எடைபோடுகிறது. சாதாரண மக்களின் பாதுகாப்பு அதன் தராசில் ஏறுவதில்லை. அந்த லாபமும் எங்கிருந்து வந்தது? 2021 நிதிச் சட்டத்திற்கு முன்புவரை உபரியில் 95 சதவீதம் பாலிசிதாரர்களுக்கு உரியது. சட்டம் திருத்தப்பட்டு, ஆயுள் நிதி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் 95,605 கோடியாக இருந்த உள்ளார்ந்த மதிப்பு, செப்டம்பரில் 5.39 லட்சம் கோடியைத் தாண்டியதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஆறே மாதங்களில் புதிய செல்வம் பிறந்துவிடவில்லை. பாலிசிதாரரின் உரிமை பங்குதாரரின் கணக்குக்கு மாற்றப்பட்டது. இதற்கு ஈடாகப் பாலிசிதாரருக்குக் கிடைத்தது, பங்கு வாங்கினால் 60 ரூபாய் தள்ளுபடி!

பேடிஎம் சரிவுக்குப் பின், முன்பு முதலீட்டாளர்களிடம் காட்டிய செயல்திறன் அளவுகோல்களையும், பங்குகள் முன்பு கைமாறிய விலையையும் வெளியிட வேண்டுமென 2022இல் செபி விதித்தது. இது தேவையான நடவடிக்கை; ஆனால் போதாது. அறிவுசார் மூலதனம் பொதுவான வடிவில், தணிக்கைக்கு உட்பட்டு வெளியிடப்பட வேண்டும். அதை உருவாக்கிய ஊழியர்கள், முகவர்களின் நிலையும் அதில் இடம்பெற வேண்டும். பொதுத்துறைப் பங்கு விலையின் அடிப்படை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

எல்ஐசியில் பொதுப் பங்குதாரர்களின் அளவை 2027 மே மாதத்திற்குள் 10 சதவீதமாக்க செபி கெடு விதித்துள்ளது. அதாவது மேலும் 6.5 சதவீதம் சந்தைக்கு வரக் காத்திருக்கிறது. சிறந்த விலைக்கு விற்பது இதற்குத் தீர்வாகாது. வெளிப்படைத்தன்மை ஏமாற்றத்தைக் குறைக்கலாம். மக்கள் சொத்தைக் காப்பது விற்பனையைத் தடுத்து நிறுத்தும் போராட்டமே. பாலிசிதாரர்களையும் முகவர்களையும் ஊழியர்களையும் அந்தப் போராட்டத்தில் ஒன்றிணைப்பது இன்றைய கடமை.