கட்டடம் எங்கடை, ஃபைல் ஆற்றை?

ஒரு பாடசாலைக் கட்டடத்தை ஒழுங்காகக் கட்டினால் ஐம்பது, அறுபது வருசம் நிற்கும். அதை வடிவமைத்த மென்பொருளின் சந்தா பெரும்பாலும் ஒரு வருசத்துக்குத்தான். சந்தா முடிந்தபிறகு அந்த மொடலைத் திறக்க ஆரிட்ட அனுமதி கேட்கவேணும்? கட்டடத்துக்குக் காசு கொடுத்தவரிடமா, மென்பொருள் விற்ற கம்பனியிடமா? கம்பனியிடம்தான். இதை ஏதோ இயற்கை விதி மாதிரி எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இது விதி இல்லை, வியாபாரம்.

மொடல் என்று இங்கே சொல்வது வெறும் கோட்டுப்படத்தை இல்லை. ‘பிம்’ என்று இப்ப எல்லா இடமும் படிப்பிக்கிறார்களே, அதில் ஒரு சுவர் ‘சுவர்’ என்றே பதிவாகியிருக்கும். அதன் தடிப்பு, என்ன பொருள், எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும், அதில் எந்தக் கதவு பொருத்தப்பட்டிருக்கு என்ற விபரமெல்லாம் அதோடேயே இருக்கும். கட்டடக்கலைஞர் ரெவிற்றிலோ ஆர்ச்சிகாட்டிலோ வேலை செய்வார். உருக்குக் கட்டமைப்புச் செய்கிறவர் டெக்லா பாவிப்பார். குழாய், மின்சாரம் பார்க்கிறவருக்கும் கியூ.எஸ். வேலை பார்க்கிறவருக்கும் வேறு வேறு மென்பொருள்கள். ஒருவர் தந்த ஃபைலை மற்றவரின் மென்பொருள் வாசிக்காவிட்டால் திரும்ப வரையவேணும், திரும்ப எண்ணவேணும்.

அந்தத் திரும்பச் செய்யும் வேலைக்கு விலை இருக்கு. அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் 2004இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. பெரிய கட்டடங்கள், ஆலைகள் போன்றவற்றில் தகவல் ஒழுங்காகக் கைமாறாததால் அந்த நாட்டுக்கு வருசத்துக்கு 1,580 கோடி டொலர் நட்டம் என்றது. அதில் ஏறத்தாழ 1,060 கோடி டொலர் கட்டட உரிமையாளர்களின், பராமரிப்பவர்களின் தலையில்தான் விழுந்தது. மென்பொருளைத் தெரிவு செய்கிறவர் ஒருவர், நட்டப்படுகிறவர் இன்னொருவர்.

தமிழில் எழுதுகிற எங்களுக்கு இது புதுக் கதை இல்லை. பாமினியில் தட்டச்சுச் செய்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவருக்குத் தெரியும், ஒரு பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறிக் கிடக்கும். யுனிகோட் வந்தபிறகுதான் எந்தக் கருவியில் எழுதினாலும் எந்தக் கருவியிலும் வாசிக்கலாம் என்று ஆனது. எல்லாரும் பாவிக்கக்கூடிய ஒரு பொதுவான தரத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டதால் வந்த விடுதலை அது.

கட்டடங்களுக்கும் அப்படியொரு தரம் இருக்கு: ஐ.எஃப்.சி. பில்டிங்ஸ்மார்ட் என்ற சர்வதேச அமைப்பு அதைப் பராமரிக்கிறது. முதல் பதிப்பு 1990களில் வந்தது. 2013இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற முழுமையான சர்வதேசத் தரமானது. வழமையான ஐ.எஃப்.சி ஃபைலை நோட்பாட்டில் திறந்தாலே வாசிக்கலாம். சுவர், கதவு, மாடி என்று ஒவ்வொன்றும் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். நாளைக்கு ஒரு கம்பனி இழுத்து மூடினாலும் அந்த வரிகளை வாசிக்கிற ஒரு மென்பொருளை யாராவது எழுதலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1994இல் இந்த முயற்சிக்கு முதலில் கம்பனிகளைக் கூட்டியதே ஓட்டோடெஸ்க்தான். அதே கம்பனியின் ரெவிற்றில், புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பில் இன்றைக்கும் திறக்கேலாது.

“ஐ.எஃப்.சியில் போட்டால் பாதி விபரம் துலைஞ்சுபோகும்” என்பார்கள். அதில் உண்மை இருக்கு. ஒரு மென்பொருளுக்குள் இழுத்து மாற்றக்கூடிய பொருள், ஐ.எஃப்.சி வழியாக இன்னொன்றுக்குப் போனால் பெரும்பாலும் இறுகிப்போய்த்தான் நிற்கும். ஆனால் பல இழப்புகள் அனுப்புகிறவரின் கையில் நடப்பவை. கூரையைக் கூரை என்று வரையாமல் ஏதோ ஒரு பொது வடிவமாக வரைந்துவிட்டு, அமைப்புகளைப் பார்க்காமல் பட்டனை அமத்தினால், மறுபக்கம் அது அடையாளமில்லாத பொருளாகத்தான் போய்ச்சேரும். ஒழுங்கான ஐ.எஃப்.சியை ஒருவரும் கேட்காதவரைக்கும் ஒருவரும் ஒழுங்காக அனுப்பப்போவதும் இல்லை.

அடுத்தது எங்கட ஊர்ப் பதில்: “எல்லாரும் கிராக் தானே மச்சான் பாவிக்கிறம், எங்களுக்கென்ன?” கிராக் போட்டுப் பழகுகிற ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கம்பனிக்குச் சம்பளமில்லாத விளம்பரம். இங்கே கிராக்கில் பழகிவிட்டு டுபாய்க்கோ கட்டாருக்கோ வேலைக்குப் போனால், பழகிய மென்பொருளைத்தான் அங்கேயும் கேட்போம். அப்ப அலுவலகம் சந்தா கட்டும். கிராக் பூட்டை உடைக்கிற மாதிரித் தெரியும். உண்மையில் பூட்டை இன்னும் இறுக்குகிறது.

பெரிய இடங்களே இந்தப் பூட்டில் மூச்சுத் திணறுகின்றன. 2020இல் சாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ் உட்பட பிரித்தானியக் கட்டடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து ஓட்டோடெஸ்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. செலவு ஏறிக்கொண்டு போகுது, ரெவிற் அதுக்கேற்ற மாதிரி வளரவில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. அவர்களுக்கே இந்தக் கதி என்றால், ரெண்டு பேர் வைத்து நடத்துகிற எங்கட அலுவலகங்களுக்கு என்ன பேரம்பேசும் பலம் இருக்கு?

பலம் காசு கொடுப்பவரிடம் இருக்கு. பின்லாந்தில் அரச கட்டடங்களைப் பார்க்கும் செனட் ப்ரொப்பர்டீஸ் 2007 ஒக்டோபரிலிருந்து தன் வேலைகளுக்கு ஐ.எஃப்.சி மொடல் தரவேணும் என்று நிபந்தனை போட்டது. வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் தருவார். பொதுமக்களின் வரிக்காசில் கட்டுகிற ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் நூலகத்துக்கும் இங்கேயும் இதே நிபந்தனை வேணும். மூல ஃபைலோடு ஐ.எஃப்.சியும் தராமல் கடைசிக் கட்டுக்காசு இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்.

அதுவரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்லை. கோர்ஸ் படிக்கிறீர்கள் என்றால், ஒரு கம்பனியின் பட்டன்களை மட்டும் படிப்பிக்காமல் ஐ.எஃப்.சியையும் படிப்பிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிளெண்டரில் போன்சாய் என்ற சேர்க்கையைப் போட்டால் ஐ.எஃப்.சியிலேயே நேரடியாக வரையலாம். ஃப்ரீகாட் இருக்கு. ரெண்டும் இலவசம், கிராக் தேவையில்லை. வேலை செய்கிறீர்கள் என்றால், அடுத்த மொடலைக் கையளிக்கும்போது ஐ.எஃப்.சி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்கமுதல் வேறொரு மென்பொருளில் திறந்து, சுவர் சுவராகவே வந்திருக்கோ என்று பாருங்கள்.