முதலில் அறிந்தவள் முதற் குற்றவாளியா?

கருவுற்ற பெண்ணொருத்தியின் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டால், அதை அவள் அன்றே கணவனிடமும் மாமியாரிடமும் சொல்லியாக வேண்டும். சொல்லாதவள் துரோகி என்று தீர்ப்புக் கூறுவோர் நம்மிடையே உளர். அத்தீர்ப்பைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

இந்தியாவில் இக்கிருமி 1986ஆம் ஆண்டு சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இன்று கருவுற்ற பெண்களுக்குச் செய்யப்படும் சோதனைகளுள் இதுவும் ஒன்று. கணவனோ, நோய்வாய்ப்பட்டாலன்றி மருத்துவமனைப் படி மிதிப்பதில்லை. ஆகவே முதலில் அறிபவள் மனைவி. முதலில் அறிந்தவளே வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. விளக்கேற்றியவள்தான் இருளைக் கொணர்ந்தாள் என்பது போன்ற நியாயமன்றோ இது!

கணவனுக்கு அறியும் உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. அவனும் சோதித்துக்கொள்ள வேண்டும். கிருமி இருப்பின் மருந்துண்ண வேண்டும். இல்லையேல் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் இதில் என்ன உரிமை? ஒரே சஹனில் உண்பதாலோ, தொட்டுப் பழகுவதாலோ இது பரவுவதில்லை.

இவ்வேறுபாட்டைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின்படி, ஆலோசனை கூறியும் மனைவி சொல்லமாட்டாள் எனத் தெரிந்து, கணவனுக்கு ஆபத்தும் இருப்பின், மருத்துவரோ ஆலோசகரோ அவளுக்கு முன்னறிவித்துவிட்டு அவனிடம் நேரில் கூறலாம். ஆனால் அடி உதைக்கோ, கைவிடப்படுவதற்கோ அவள் அஞ்சுவதில் நியாயம் இருப்பின் கூறலாகாது. சட்டம் அஞ்சுவது கிருமியை மட்டுமன்று, நம் வீட்டாரின் கையையும் நாவையும் என்பதை எண்ணி நாம் வெட்கப்பட வேண்டாமா?

இனிப் பிள்ளையின் கதியைப் பாருங்கள். சிகிச்சை இல்லையேல் தாயிடமிருந்து 100க்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை இக்கிருமி பரவும். முறையான சிகிச்சையால் அது 5க்கும் கீழே இறங்கும். ஆனால் மாத்திரையை நாள் தவறாது உண்ண வேண்டும். பிறந்த சிசுவுக்கும் மருந்து புகட்ட வேண்டும். வீட்டாருக்கு அஞ்சும் பெண் அம்மாத்திரையை எங்கே ஒளிப்பாள்? ஒளிக்க இடமில்லாத நாளில் உண்ணாமலே விடுவாள். பின்னர் பிள்ளைக்கு நோய் கண்டால், "மறைத்தாளே பாவி" என்பார்கள். மறைக்க வைத்தவர் யார்?

ஆடவர்களே! மனைவி கருவுற்றதும் அவளுடன் சென்று நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள். யார் முதலில் அறிந்தது என்ற வழக்கே எழாது. மாமியார்களே! மருமகள் நம்பி ஒன்றைச் சொன்னால் அது அமானிதம். அண்டை வீட்டுத் திண்ணைக்கு அது போகலாகாது. அவளைத் தாய்வீட்டுக்கு விரட்டமாட்டோம், மருந்தைத் தடுக்கமாட்டோம் என்ற உறுதியை முதலில் கொடுங்கள். அதைக் கொடாத வீட்டுக்கு, "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்கும் தகுதி இல்லை.