கூட்டெருவின் தலையில் விழுந்த பழி

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் என்னிடம் சொன்னார்: "கூட்டெருவை நம்பித்தானே தம்பி இந்த நாடு பட்டினி கிடந்தது." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சபை மரியாதைக்காக நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகவே இதனை எழுதுகிறேன்.

நடந்தது என்ன? 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்தாண்டு கால மாற்றம் என்று எழுதப்பட்டிருந்ததை, 2021 மே மாதத்தில் ஒரேயொரு வர்த்தமானி அறிவித்தலால் செய்துமுடிக்கப் பார்த்தார்கள். நவம்பரில் தடையை விலக்கியபோது காலபோகம் தொடங்கிவிட்டிருந்தது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். நல்ல கூட்டெருவில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்கு. 50 கிலோ மூடை யூரியா ஒன்றுக்கு ஈடாக ஒரு தொன்னுக்கு மேல், பல வேளைகளில் இரண்டு தொன்னுக்கும் மேல் கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரே போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. பள்ளிக்கூடத்துப் பையன் போடக்கூடிய இந்தக் கணக்கை ஓர் அமைச்சரவை போடத் தவறியது. குற்றம் கணக்கில்; தண்டனை கூட்டெருவுக்கு!

பிறகு 2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள், மூன்று மாதங்களுக்கு. ஒரு குவியல் கூட்டெரு பக்குவப்படுவதற்கே ஏறத்தாழ அவ்வளவு காலம் செல்லும் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

அரசாங்கத்தைத் திட்டுவது எளிது. முப்பது வருடங்களாக அதைச் செய்துதான் சம்பளம் வாங்கினேன். நம்மவர் வளவுகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் விடியற்காலையில் நடந்துபாருங்கள். வீட்டுக்கு வீடு முற்றம் கூட்டி, மாவிலையும் பலாவிலையும் வேப்பஞ்சருகும் குவித்துத் தீ வைத்திருப்பார்கள். "சாம்பலும் பசளைதானே" என்று ஒரு சமாதானம் வேறு. எரியும் சருகிலுள்ள நைதரசனில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. எஞ்சும் சாம்பலில் பொற்றாசியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சாம்பல் காரத்தன்மையுடையது. சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் வலிகாமத்துச் செம்மண்ணுக்குப் புளிப்பை முறிக்க எதுவும் தேவையில்லை. அது மலைநாட்டுத் தேயிலை மண்ணின் பிரச்சினை.

எங்கள் பாட்டன்மார் எரிக்கவில்லை, தாட்டார்கள். பூவரசங்குழையும் பனையோலையும் தோட்டத்தில் தாழ்த்து, மாட்டுப்பட்டி அடைத்து, அதன் மேல் புகையிலை வைத்தவர்கள் அவர்கள். அந்தக் குழையைத் தந்தது வேலி. வேலியைப் பிடுங்கி மதில் கட்டியபோது குழையும் போயிற்று. அந்த இடத்துக்கு மூடை வந்தது. ஆறில்லாக் குடாநாட்டில் நாம் குடிப்பது நிலத்தடி நீரை. அளவுக்கு மிஞ்சி இறைத்த பசளை நைத்திரேற்றாக அதே கிணற்றுக்குத்தான் இறங்குகிறது.

இனி, கூட்டெருவின் பெயரால் நடக்கும் பித்தலாட்டத்தையும் சொல்லியாக வேண்டும். உள்ளூரில் ஒரு மூடை வாங்கினேன். உள்ளே பொலித்தீன் துண்டுகளும் போத்தல் ஓடுகளும். இன்னொரு தவறு என்னுடையதே. உக்காத மரத்தூளை அவசரப்பட்டு மிளகாய்ப் பாத்தியில் கொத்திவிட்டேன். இரண்டு கிழமையில் கன்றுகள் மஞ்சளித்தன. மரத்தூளை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த நைதரசனைத் தமக்கென்று எடுத்துக்கொண்டன. காபன் 25 முதல் 30 பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு இருந்தால்தான் குவியல் ஒழுங்காக உக்கும். வீட்டுப் பாஷையில் சொன்னால், சருகு ஒரு படை, பச்சைக் குழையும் சமையலறைக் கழிவும் ஒரு படை, இடையிடையே சாணக் கரைசல். கைக்குள் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் ஈரம் போதும். மேலே கிடுகு போட்டு மூடுங்கள். சில நாட்களில் உள்ளே கைவைக்க முடியாத சூடு ஏறும். சூடு தணியும்போது கிளறிவிடுங்கள். கிளறினாலும் சூடு ஏறவில்லை, மழை நனைத்த மண்ணின் வாசம் வருகிறது, குவியல் பாதியாக இறங்கிவிட்டது என்றால் பாத்திக்குப் போடலாம். ஒருமுறை போட்டுவிட்டு இருந்துவிடவும் முடியாது. எங்கள் வெயிலில் சேதனப் பொருள் விரைவில் கரைந்துபோகும். வருடந்தோறும் போட வேண்டும்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து இதனை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் ஆளில்லாது கிடக்கும் உங்கள் வளவைத் துப்புரவு செய்யக் காசு அனுப்புகிறீர்கள். அந்தக் காசில் ஆள் பிடித்து, செருக்கி, குவித்து, கொளுத்தி, படம் எடுத்து உங்களுக்கு அனுப்புகிறார்கள். வளவு வெளித்திருப்பது கண்டு நீங்களும் மகிழ்கிறீர்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, கொளுத்த வேண்டாம், மூலையில் ஒரு கிடங்கு வெட்டிப் போடு என்று சொல்லிப்பாருங்கள். கூலி பெரிதாகக் கூடாது.