நெட்டி எடுக்கட்டுமா தம்பி? வேண்டாம்ணே!

தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் இந்தப் பதிவு அந்த நெட்டியைப் பற்றியது அல்ல மக்களே. சலூன் நாற்காலியில் கடைசியாகக் கழுத்தில் எடுக்கிறார்களே, அந்த நெட்டியைப் பற்றியது.

கீழவாசலோ, ஒரத்தநாடோ, திருவையாறோ, எந்த ஊர்க் கடையாக இருந்தாலும் கடைசிக் காட்சி ஒன்றுதான். வெட்டி முடிந்தது, ஷேவிங் முடிந்தது, முகத்தில் தண்ணீர் அடித்தாயிற்று. தலையில் நாலு தட்டு. பிறகு ஒரு கை தாடையில், ஒரு கை பின்மண்டையில். "லூசா விடுங்க தம்பி." வலப்பக்கம் சடாரென்று ஒரு திருப்பு, மடக்! இடப்பக்கம் ஒரு திருப்பு, மடக்! இதற்குத் தனிக் காசு கிடையாது. அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் முடிவெட்டியதே முழுமையாகவில்லை என்று நினைக்கிறவர்கள் நம்மில் பாதிப் பேர்.

இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, அடுத்த முறை நீங்கள் அந்த நாற்காலியில் உட்காரும்போதே.

ஏன் இவ்வளவு கோபம்? 2024-ல் கர்நாடகாவின் பெல்லாரியில் நடந்ததைக் கேளுங்கள். 30 வயது ஆள். முடிவெட்டப் போன இடத்தில் இலவசமாகத் தலை மசாஜ். கடைசியில் கழுத்தைத் திருப்பியபோது சுரீரென்று வலி. சரியாகிவிடும் என்று வீட்டுக்குப் போய்விட்டார். சில மணி நேரத்தில் பேச்சு குழறி, உடம்பின் இடப்பக்கம் பலமிழந்தது. பெங்களூரில் பரிசோதித்தபோது தெரிந்தது: கழுத்தில் கரோட்டிட் தமனியின் சுவர் கிழிந்து, அதனால் பக்கவாதம். தேறி வர இரண்டு மாதம் ஆனது. முப்பது வயதில், ஒரு இலவச மடக்குக்காக.

கழுத்தைத் திருப்பினால் பக்கவாதம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகக் கழுத்தில் நான்கு தமனிகள் இருக்கின்றன. முன்பக்கம் இரண்டு, கரோட்டிட். பின்பக்கம் இரண்டு, வெர்டிப்ரல். பின்பக்கத்து இரண்டும் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாக, ஊசித் துளையில் நூல் போவது மாதிரி மேலே ஏறுகின்றன. உச்சியில் முதல் எலும்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. நாம் தலையைத் திருப்பும் திருப்பில் ஏறக்குறையப் பாதி நடப்பது முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான். அதாவது தமனி வளைந்து போகும் அதே இடத்தில். அங்கேதான் நம் ஆள் சடாரென்று திருப்புகிறார்.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். வாய்க்காலுக்கு சிமெண்ட் சிலாப் போட்டுக் கரை கட்டியிருக்கிறது. ஒரு சிலாப்பில் விரிசல். தண்ணீர் அது வழியாகச் சிலாப்புக்குப் பின்னால் புகுந்துவிடுகிறது. சிலாப் உள்பக்கமாகப் பிதுங்கி வாய்க்காலைக் குறுக்குகிறது. விரிசலில் சேர்ந்த சேறும் செத்தையும் ஒருநாள் பிய்த்துக்கொண்டு போய்க் கீழே ஏதோ ஒரு மதகில் அடைத்துக்கொள்கிறது. கடைமடை காய்கிறது.

தமனியிலும் இதேதான். சுவருக்கு மூன்று அடுக்கு. உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் அடுக்குகளுக்கு இடையில் புகுந்து பாதையைக் குறுக்கும். கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டியாக உறையும். அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போனால் மூளையில் ஒரு குழாய் அடைபடும். வயலுக்காவது முறை வைத்துத் தண்ணீர் விடலாம், பயிர் சில நாள் தாங்கும். மூளை தாங்காது. பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரி, அந்த "மடக்" சத்தம்? எலும்பு நேராகும் சத்தமும் இல்லை, வாயுப் பிடிப்பு விடுகிற சத்தமும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து குமிழி உண்டாகும் சத்தம். விரலில் சொடக்கு எடுத்தால் வருவதும் அதுதான். விரலில் எடுத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது.

இனி, வழக்கமாக வரும் மூன்று பதில்களுக்கு வருகிறேன்.

முதல் பதில்: "எங்க தாத்தா அறுபது வருஷமா எடுத்தாரு, ஒண்ணும் ஆகலை." தாத்தா நூறாண்டு வாழட்டும். இந்தக் கிழிசல் அபூர்வமானதுதான். மேல்நாட்டுக் கணக்குப்படி வருடத்துக்கு லட்சம் பேரில் சுமார் 3 பேருக்கு வருகிறது. அதிலும் கழுத்தைத் திருப்பியதால் வருவது ஒரு பங்குதான். விபத்து, பலமான இருமல், பாரம் தூக்குவது, ஒரு காரணமும் தெரியாமல் தானாகக் கிழிவது எல்லாம் அதில் சேர்த்தி. அந்த 3 என்பதை 2011 கணக்கெடுப்பின்படி 24 லட்சம் பேர் இருந்த தஞ்சாவூர் மாவட்டத்துக்கு அப்படியே போட்டால் வருடத்துக்கு எழுபது பேருக்கு மேல் வருகிறது. அந்த எழுபதில் ஒருவர்கூட உங்கள் தாத்தாவாக இல்லாமல் இருக்கலாம். அதனால் எழுபது பூஜ்யமாகிவிடுமா? இன்னொன்று, இது வயதானவர்களைத் தேடிப் போகும் வியாதி அல்ல. எல்லாப் பக்கவாதங்களிலும் இதன் பங்கு நூற்றுக்கு 2 அளவுதான். 50 வயதுக்குக் கீழே வரும் பக்கவாதங்களை மட்டும் எடுத்தால் நாலில் ஒரு பங்கு வரை போகிறது. பி.பி., சுகர், புகை என்று போஸ்டர் ஒட்டுகிறோம், சரிதான். இவை எதுவும் இல்லாத இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் பக்கவாதம் வரலாம் என்று எந்தப் போஸ்டர் சொல்கிறது?

இரண்டாவது பதில் கொஞ்சம் படித்தவர்களுடையது: "திருப்புறதாலதான் கிழியுதுன்னு நிரூபணம் ஆகலையே." நியாயமான கேள்வி. 2008-ல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் வந்த ஆய்வு பின்பக்கத் தமனிப் பக்கவாதம் 818 பேருக்கு வந்ததை எடுத்துப் பார்த்தது. கழுத்தை முறிக்கும் கைரோபிராக்டரிடம் போனவர்களுக்கு மட்டுமல்ல, சாதாரண டாக்டரிடம் போனவர்களுக்கும் இந்தத் தொடர்பு தெரிந்தது. அவர்கள் சொன்ன விளக்கம்: தமனி ஏற்கெனவே கிழிந்திருக்கிறது, அதனால்தான் கழுத்து வலிக்கிறது, அந்த வலிக்காகத்தான் ஆட்கள் அங்கே போகிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போது நிலைமை இன்னும் மோசம் அல்லவா? கழுத்து வலி என்று வருகிறவனுக்கு உள்ளே தமனி கிழிந்திருக்கலாம், அவன் கழுத்தைத்தான் நாம் பிடித்து முறுக்குகிறோம்! திருப்பியதால் கிழிந்தாலும் தப்பு, கிழிந்ததைத் திருப்பினாலும் தப்பு. இரண்டு வழியிலும் முடிவு ஒன்றுதான்: கையை எடு.

மூன்றாவது பதில்: "இது நம்ம பாரம்பரியம்." நம் பாட்டிகளின் பாரம்பரியம் என்ன? கழுத்து சுளுக்கினால் தலையணையை வெயிலில் காயப் போடு என்பார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். எண்ணெய் தடவி நீவுவார்கள். தலையணை காய்ந்ததால் கழுத்து சரியாகுமா தெரியாது, ஆனால் யாருக்கும் பக்கவாதம் வராது. அந்தப் பாரம்பரியத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் போட வேண்டியது தலையணை, முறுக்கக் கூடாதது தலை. அவ்வளவுதான்.

முறிப்பதை வெள்ளைக் கோட்டு போட்டு, மைக் வைத்து, வீடியோ எடுத்துப் போட்டால் மருத்துவமாகிவிடாது. அமெரிக்காவில் கேட்டி மே என்ற மாடல் 2016-ல் 34 வயதில் பக்கவாதத்தால் இறந்தார். கைரோபிராக்டர் கழுத்தைத் திருப்பியதில் வெர்டிப்ரல் தமனி கிழிந்தது என்று பிணப் பரிசோதனை அதிகாரிகள் முடிவு சொன்னார்கள். படித்துச் சான்றிதழ் வாங்கியவர் கையிலேயே இப்படி.

நம் டெல்டாவில் இது சலூனோடு முடிகிற கதையும் அல்ல. சம்பா அறுவடை சமயத்தில் கொள்முதல் நிலையங்களைப் பாருங்கள். 40 கிலோ மூட்டையை நாள் முழுக்கத் தலையிலும் முதுகிலும் ஏற்றி இறக்குகிறார்கள். சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொண்டால் எங்கே போவார்கள்? சுளுக்கு எடுப்பவரிடம். அவர் நீவிவிட்டால் பரவாயில்லை, வெட்டித் திருப்பினால்? நாலு நாள் கழித்து வாய் கோணி விழுந்தால் "கெட்ட நேரம்" என்பார்கள். கிழிசலுக்கும் பக்கவாதத்துக்கும் நடுவில் சில மணி நேரம் போகலாம், சில நாட்கள், ஏன் சில வாரங்கள்கூடப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை திருப்பியதையும் வியாழக்கிழமை விழுந்ததையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சேர்த்துப் பார்க்காததால் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராததால் "ஒண்ணும் ஆகலை" என்கிறோம்.

அதனால் இரண்டு வேண்டுகோள். சின்ன வயதில் பக்கவாதத்தோடு வரும் ஒவ்வொருவரிடமும் டாக்டர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: "சமீபத்துல யாராவது உங்க கழுத்தைத் திருப்பினாங்களா, கழுத்துல அடிபட்டுச்சா?" டாக்டர் கேட்கவில்லை என்றால் கூடப் போகிறவர் தானாகச் சொல்லட்டும்.

அடுத்தது நமக்கு. இதுவரை வராத மாதிரி கழுத்தின் ஒரு பக்கத்திலோ பின்மண்டையிலோ வலி, கூடவே தலைசுற்றல், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முழுங்க முடியாமை, ஒரு கண் இமை மட்டும் தொங்குவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, இதில் ஏதாவது வந்தால் அது சுளுக்கு அல்ல. புறா ரத்தம் தேய்க்க ஆள் தேடாதீர்கள். 108-க்கு அடியுங்கள், சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் மெடிக்கல் வர வேண்டும் என்றால் நூறு கிலோமீட்டர் அளவுக்கு ரோடு இருக்கிறது, வீட்டிலேயே இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டால் மிச்சம் என்ன? நேரத்தோடு பிடித்துவிட்டால் பயப்பட வேண்டியதும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க சில மாதம் மாத்திரை, பெரும்பாலான கிழிசல்கள் அதற்குள் தானாகவே ஆறிவிடுகின்றன.

கடைசியாக, முடிதிருத்தும் அண்ணன்மார்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் அப்பா செய்தார், அவர் செய்கிறார். ஆபத்து என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லப்போனால் அவராக ஆசைப்பட்டுத் திருப்புவதும் இல்லை. "அண்ணே, நெட்டி?" என்று கழுத்தை நீட்டுவது நாம்தான். நாம் கேட்பதை நிறுத்தினால் அவருக்கும் வேலை மிச்சம். அடுத்த முறை அவர் கை தாடைக்கு வரும்போது சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: "வேண்டாம்ணே, தலையை மட்டும் நல்லா தேய்ச்சு விடுங்க." ஏன் என்று கேட்டால் பெல்லாரி கதையைச் சொல்லுங்கள். அந்தக் கடையில் ஒரு நாளைக்கு முப்பது பேர் உட்காருவார்கள் என்றால், முப்பது கழுத்துக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று இன்னும் வாதாட வேண்டும் என்றால் பின்னூட்டத்துக்கு வாருங்கள். கழுத்தைத் திருப்பாமல் வாருங்கள் :-)