வாலுக்கு அஞ்சு சென்ட்

மீனைக் கொன்னு, வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தா காசு. கதை இல்லைங்க, அலாஸ்காவில் 1921-ல் ஆரம்பிச்சு கிட்டத்தட்ட இருபது வருஷம் நடந்த அரசாங்கத் திட்டம். வால் ஒன்றுக்கு ரெண்டரை சென்ட்டிலிருந்து அஞ்சு சென்ட் வரை. கம்பியில் கோர்த்துக் காயவச்சு கொண்டுவந்து குவிச்சிருக்காங்க. கொல்லச் சொன்ன மீன் டாலி வார்டன். குற்றம்? சால்மனின் முட்டையையும் குஞ்சையும் தின்னு அந்த இனத்தையே ஒழிக்குதாம். தீர்த்துக்கட்டியது அறுபது லட்சத்துக்கும் மேல.

தூண்டில் ஆர்வலர்கள் இதைப் பத்திப் பேசும்போது, "அந்தக் காலத்துல அறிவியல் வளரலை, நல்ல எண்ணத்துல செஞ்சாங்க"ன்னு பெருந்தன்மையா முடிச்சுடறாங்க. அங்கேதான் எனக்குக் கடுப்பாகுது. இந்தக் கூத்தைக் கண்டுபிடிக்க என்ன பெரிய அறிவியல் வேணும்? வந்த வாலைப் பிரிச்சுப் பார்த்தாலே போதுமே! 1939-ல் ஒருவழியா பார்த்தாங்க. யாகுடாட் பக்கமிருந்து வந்த இருபதாயிரம் வாலில் பத்துக்கு ஒண்ணுதான் டாலி. பாதிக்கு மேல கோஹோ சால்மன். மிச்சம் ரெயின்போ ட்ரவுட். அதாவது, சால்மனைக் காப்பாத்த ஒதுக்கின பணத்தை சால்மனைக் கொன்னவனுக்கே கொடுத்திருக்காங்க.

டாலி வார்டன் ட்ரவுட் இல்லை, 'சார்' வகை. (ஆபீஸ்ல கூப்பிடற சார் இல்லீங்க :-)) ட்ரவுட், சால்மன் உடம்பில் வெளிர் நிறத்தின் மேல் கரும்புள்ளி. சாருக்கு நேரெதிர், இருண்ட உடம்பில் வெளிர்புள்ளி. டிக்கன்ஸ் நாவலில் வரும் வண்ண உடைக்காரப் பொண்ணோட பெயர் இந்த மீனுக்கு வந்ததே இந்தப் புள்ளி அழகாலதான். முழு மீனைக் கொண்டுவரச் சொல்லியிருந்தா சின்னப் பையன்கூட பிரிச்சிருப்பான். அடையாளம் உடம்பில் இருக்க, வாலைக் கேட்டா? எழுதின வரிக்கு இவ்வளவுன்னு சம்பளம் கொடுத்தா நிரல் எப்படி வரும்னு என் தொழில்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, டாலி முட்டை தின்னுமா? நல்லா தின்னும். குஞ்சையும் விடாது, நான் மறுக்கலை. ஆனா எந்த முட்டை? பெண் சால்மன் கூழாங்கல்லைத் தோண்டி முட்டையைப் புதைச்சுட்டுப் போகும். அடுத்து வர்றது அதே இடத்தைத் தோண்டும்போது முந்தினதோட முட்டை வெளியே வந்து தண்ணியில் அடிச்சுட்டுப் போகும். அது எப்படியும் பொரிக்கப் போறதில்லை. டாலி பின்னாடி நின்னு பெரும்பாலும் அதைத்தான் பிடிக்குது. சிக்னிக் ஏரிப் பகுதியில் செஞ்ச ஆய்வு ஒண்ணு 2013-ல் வந்தது. சால்மன் முட்டை கொட்டற சில வாரத்துக்கு டாலியோட குடலும் வயிறும் பெருத்து, சீசன் முடிஞ்சதும் சுருங்கிடுதாம். வருஷச் சாப்பாட்டில் பெரும்பங்கை அந்தச் சில வாரத்திலேயே முடிச்சுக்குது. சால்மன் ஒழிஞ்சா முதலில் பட்டினி கிடக்கப்போறது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

பனியாறுகள் பின்வாங்கின காலத்திலிருந்து ரெண்டும் ஒரே ஆற்றில் குடித்தனம் நடத்துது. அப்போ இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சால்மன் ஏன் குறைஞ்சது? டப்பாவில் அடைக்கிற ஆலைக்காரங்க சால்மன் வர்ற வழியிலெல்லாம் பெரிய பெரிய கண்ணிகளை நட்டு, முட்டையிட வந்த மீனை அள்ளிட்டுப் போனாங்க. கண்ணிக்கு வால் கிடையாதே, அறுத்துக் கொடுக்க! 1956-ல் அலாஸ்கா மக்கள் பெரும்பான்மையா ஓட்டுப்போட்டு, 1959-ல் மாநிலமானதும் அந்தக் கண்ணியை ஒழிச்சாங்க. ஆலைகளைத் தொடத் துணிச்சல் இல்லாத காலத்தில் மீன்மேல் பழி போட்டதை எப்படிங்க நல்ல எண்ணம்னு சொல்றது?

இன்னிக்கு இதே டாலியைப் பிடிக்க ஆயிரக்கணக்கில் செலவழிச்சு அலாஸ்காவுக்குப் போறாங்க. சால்மன் முட்டை மாதிரியே இருக்கும் சின்ன மணியைத் தூண்டில் முள்ளுக்குக் கொஞ்சம் மேலே கட்டி வீசினா போதும், ஓடி வரும். அன்னிக்குக் குற்றத்துக்குச் சாட்சி சொன்ன முட்டையே இன்னிக்கு இரை.

இதோட சொந்தக்கார மீன் புல் ட்ரவுட் கதை இன்னும் மோசம். 1978-ல் தனி இனம்னு பிரிக்கிற வரைக்கும் அதையும் டாலின்னுதான் சொன்னாங்க. நல்ல ட்ரவுட்டைத் தின்னுதுன்னு பிடிச்சுக் கரையில் எறிஞ்சாங்க. முட்டையிட ஒன்பது டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த தண்ணி கேட்கிற மீன் அது. அணை, மரம் வெட்டு, சூடேறும் ஓடை, கொண்டுவந்து விட்ட புரூக் ட்ரவுட்டோட கலப்புன்னு எல்லாம் சேர்ந்து 1999-ல் அமெரிக்காவின் அழியும் ஆபத்துள்ள உயிர்கள் பட்டியலில் போய் உட்கார்ந்துடுச்சு. இப்போ தூண்டில்காரங்களுக்குப் பாடம் எடுக்கறாங்க: முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி இல்லைன்னா திரும்ப ஆத்துல விடுங்கன்னு.

பழைய கதைதானேன்னு விடவும் முடியலை. 2015-லிருந்து 2017 வரை கொலம்பியா ஆற்று முகத்துவாரத்து ஈஸ்ட் சாண்ட் தீவில், சால்மன் குஞ்சைத் தின்னுதுன்னு ஆயிரக்கணக்கில் நீர்க்காகங்களைச் சுட்டாங்க. தப்பிச்சதுல நிறைய, மேலே அஸ்டோரியா பாலத்தில் போய்க் கூடு கட்டிச்சு. தீவுக்குப் பக்கத்தில் கடல்மீன் தாராளமா கிடைச்சது. பாலத்துப் பக்கம் அது கம்மி. அதனால இப்போ சால்மன் குஞ்சை முன்னைவிட அதிகமா தின்னுது. குஞ்சுகள் தாண்டி வரவேண்டிய அணைகள் ஆற்றின் குறுக்கே அப்படியேதான் நிக்குது.

"நல்ல எண்ணம்" கட்சிக்காரங்க பின்னூட்டத்துக்கு வாங்க, பேசுவோம்.