கச்சேரிக் கணக்கும் கொழும்பு மேகமும்

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று ஆயர் கேட்டார். அந்த எண்ணை ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. ஆனால் முதலாவது எண் இல்லாமல் போயிருந்தால் ஏற்கவும் மறுக்கவும் எதுவும் இருந்திராது. அது கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின், அதாவது மாவட்ட செயலகங்களின், கணக்கு. நிவாரணப் பங்கீட்டுக்காகக் கிராம அலுவலர்கள் குடும்பம் குடும்பமாக எண்ணிக் கொடுத்த தொகை.

கச்சேரிகளே சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்த காலம் அது. கட்டடம் போனது, அலுமாரி போனது, அநேகமான கோப்புகளும் போயின. எண் மட்டும் ஏன் பிழைத்தது? யாரும் பூட்டி வைத்துக் காத்ததால் அல்ல. உணவும் மருந்தும் கேட்டு அமைச்சுகளுக்கும் ஐ.நா. முகவர் நிலையங்களுக்கும் போன அறிக்கைகளில் அது பிரதியாகப் பரவியிருந்ததால். கொழும்பு அந்தக் கணக்கை விரும்பவில்லை. 2009 பெப்ரவரியில் சுமார் 330,000 பேர் உள்ளே இருப்பதாகக் களத்தில் நின்ற அரச அதிகாரிகள் சொன்னபோது, அதைவிடப் பலமடங்கு குறைந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டுதான் உணவு அனுப்பப்பட்டது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011ஆம் ஆண்டு அறிக்கையில் இதைப் பதிந்திருக்கிறது.

அந்த எண் பிழைத்த விதம் இன்றைய ஒரு கேள்விக்கும் பொருந்தும். ஒரு நிறுவனம் தன் தரவு மீதான கட்டுப்பாட்டை எப்படித் தக்கவைப்பது என்ற கேள்வியைக் கணினி விற்பவர்கள் இப்போது உலகெங்கும் எழுப்புகிறார்கள். சொந்தமாகத் தரவு நிலையம் கட்டுவதா, 'மேகம்' எனப்படும் இணையவழிச் சேமிப்பில் இடம் வாடகைக்கு எடுப்பதா, இரண்டையும் கலப்பதா என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் செலவுக் கணக்கு. வன்னியில் ஒரு பிரதேச செயலகமோ, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமோ, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் நடத்தும் சங்கமோ இதைக் கேட்கும்போது அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. யாரிடமிருந்து காப்பது?

முதலில் அரசாங்கத்தின் சொந்த மேகத்தைப் பார்ப்போம். 2023 ஓகஸ்ட் 26 அளவில் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' எனப்படும் அரச மேகத்தின் மின்னஞ்சல் சேவை மீது பணயத் தாக்குதல் நடந்தது. தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகைத் தாக்குதல். அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் அகப்பட்டன. சேவை சில மணி நேரத்தில் திரும்பிவிட்டது. ஆனால் மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பவில்லை. மூன்று மாதத்துக்கும் மேலான அந்தக் காலத்துக்கு மீட்கக்கூடிய காப்புப்பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, தயாரித்த நிறுவனமே கைவிட்டது. இதற்கு இரண்டு வருடம் முந்தி, 2021இல், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவு இதே மேகத்தில் இருந்தபோது அழிந்து, குற்றப் புலனாய்வுத் திணைக்களம்வரை போனது. நாட்டுக்குள் எந்தெந்த மருந்து வரலாம் என்று தீர்மானிக்கும் கோப்புகள் அவை. முதல் அடி பட்டபிறகும் இரண்டாவது அடிக்கு இடம் கொடுத்ததைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது ஏழை நாட்டு நோயும் அல்ல. 2025 செப்ரெம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரச தரவு நிலையமொன்றில் மின்கலத்திலிருந்து தீ பிடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரச சேவைகள் நின்றன. அரச ஊழியர் தம் வேலைக் கோப்புகளை வைத்திருந்த 'ஜி ட்ரைவ்' முழுதாக எரிந்தது: 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் வெளியிடத்தில் பிரதி எடுக்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். உலகின் அதிவேக இணையம் கொண்ட நாடுகளில் ஒன்று சொன்ன விளக்கம் இது!

ஆக, "அரசாங்கத்தின் மேகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது" என்ற வாசகம் ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். அதற்கு மாற்றாக அலுவலகத்திலேயே சேர்வர் வைப்பதும் கட்டுப்பாடு ஆகிவிடாது. நம் மாவட்ட அலுவலகங்களில் சேர்வர் என்பது பல வேளைகளில் கணக்குக் கிளையின் மூலையில் ஏசியின் கீழ் நிற்கும் ஒரு பெட்டி. அதன் கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் இடமாற்றம் பெற்றுப் போனால் பெட்டி மட்டும் மிஞ்சும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஓரிரவில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் வெட்டப்பட்டது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததற்கு நாடு முழுவதும் இருண்டது. கையில் இருப்பது வேறு, கட்டுப்பாட்டில் இருப்பது வேறு.

பதிவு தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வன்னி தொலைவில் எங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2025 மார்ச் 28 அன்று 2430ஆம் இலக்க வர்த்தமானி வந்தது. யாழ்ப்பாணம் 3,669 ஏக்கர், முல்லைத்தீவு 1,703, கிளிநொச்சி 515, மன்னார் 54. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகப் பிரகடனம் செய்யப்படலாம் என்றது காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழான அந்த அறிவித்தல். எதிர்ப்புக் கிளம்பியது, உயர் நீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கமும் பின்வாங்கியது. சரி, பின்வாங்கியாயிற்று. ஆனால் அந்த மூன்று மாதமும் சனம் எதைத் தேடி ஓடியது? உறுதிகளை. போரின் கடைசி மாதங்களில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பையோடு விட்டுவந்த உறுதிகளை, பெர்மிட்டுகளை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களுக்குப் பிரதேச செயலகப் பேரேடுதான் மறுசான்று. அந்தப் பேரேடும் இடம்பெயர்வில் காணாமல் போன இடங்களில், பரம்பரையாக உழுத காணிக்கு வாய்ச்சொல்தான் ஆதாரம்.

பிறப்புச் சான்றிதழ் விடயத்தில் நிலைமை இவ்வளவு மோசமாகவில்லை. பதிவேடு இரட்டைப் பிரதியாக எழுதப்பட்டு ஒன்று கொழும்புக்குப் போகும் பழைய ஒழுங்கு பலரைக் காப்பாற்றியது. போர் முடிந்தபின் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெளியே வந்தவர்கள் நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று பிரதி எடுத்தார்கள். பிரித்தானியர் காலத்து மையும் கடதாசியும் செய்த அந்த வேலையை 2023இன் அரச மேகம் செய்யவில்லை என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது.

இனி, எங்கே வைப்பது என்ற கேள்வி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இயற்றப்பட்ட வடிவில், அரச நிறுவனங்கள் தனிப்பட்ட தரவை நாட்டுக்குள்ளேயே கையாள வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்தது. விலக்கு அளிக்கும் அதிகாரம் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கியப் பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. அந்த விதியின் நோக்கத்தில் நியாயம் உண்டு. அமெரிக்க நிறுவனத்தின் மேகத்தில் உள்ள தரவை, அது எந்த நாட்டில் கிடந்தாலும், அமெரிக்க அதிகாரிகள் சட்டப்படி கேட்டுப் பெற அந்நாட்டின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. 2025 ஜூனில் மைக்ரோசொஃப்ட்டின் பிரான்ஸ் கிளை அதிகாரி ஒருவர் பிரெஞ்சு செனற் குழு முன், பிரெஞ்சுக் குடிமக்களின் தரவு அப்படிப் போகவே போகாது என்று உத்தரவாதம் தர இயலாது எனச் சத்தியம் செய்து சொன்னார். கிளிநொச்சிக் கச்சேரியின் காணிப் பேரேடு சிங்கப்பூரிலோ மும்பையிலோ மட்டும் இருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆனால் "நாட்டுக்குள்" என்ற சொல் வன்னியில் எல்லாருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட தம் உறவுகளைக் கேட்டுப் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரையும், அதே மாதம் வவுனியாவில் அமர்ந்த தாய்மாரையும் நினையுங்கள். யாரை எங்கே எந்த நாளில் யாரிடம் ஒப்படைத்தோம் என்ற விவரம் அவர்களது சங்கங்களின் கையிலும் உண்டு. அந்த விவரத்துக்கு வரக்கூடிய ஆபத்து கலிபோர்னியாவிலிருந்து அல்ல, விசாரணைக்கு வாசலில் வந்து நிற்கும் ஆட்களிடமிருந்து. அவர்களது கோப்பு மறைகுறியாக்கப்பட்டு, திறப்பு சங்கத்திடமே இருந்து, ஒரு பிரதி நாட்டுக்கு வெளியே கிடப்பதுதான் அறிவு. கச்சேரிக்குப் பொருந்துவது சங்கத்துக்குப் பொருந்தாது.

போர் வாசலுக்கு வந்தபோது உக்ரைன் இதைத்தான் செய்தது. அரச தரவு நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்றிருந்த விதியைப் படையெடுப்புக்குச் சில நாள் முந்தி, 2022 பெப்ரவரியில், அதன் பாராளுமன்றம் தளர்த்தியது. காணிப் பதிவு, வரிப் பதிவு எல்லாம் வெளிநாட்டு மேகத்துக்குப் போயின. எஸ்தோனியா 2017இலேயே லக்சம்பேர்க்குடன் உடன்பட்டு, தூதரகத்துக்குரிய பாதுகாப்போடு தன் அரச தரவின் பிரதியை அங்கே வைத்தது. 2008இல் கிளிநொச்சிப் பேரேடுகளுக்கு இப்படி ஒரு பிரதி இருந்திருந்தால் 2025 வர்த்தமானிக்கு யாரும் பதறியிருக்க மாட்டார்கள்.

வேறொரு வகைக் கசிவும் உண்டு. மீள்குடியேற்றக் காலத்தில் தொண்டு நிறுவனங்களும் ஐ.நா. அமைப்புகளும் வீடு வீடாகப் பதிந்தன: யார் விதவை, யாருக்குக் கால் இல்லை, யார் தடுப்பிலிருந்து வந்தவர். திட்டம் முடிந்தது, வாகனம் போனது, கோப்பும் கூடவே போனது. இன்று எங்கள் மாதர் சங்கங்களிடம் அந்த விவரம் இல்லை. இப்போதோ பயனாளிகள் பட்டியல் அடையாள அட்டை இலக்கத்தோடு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது, அலுவலரின் சொந்த ஜிமெயிலில் கிடக்கிறது. அலுவலர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அரச மின்னஞ்சல் மூன்று மாதத்துக்கும் மேலான கடிதத்தைத் தொலைத்தபிறகு வேறு எதை நம்புவார்கள்?

பெரிய செலவில்லாத வழி நம் மண்ணிலேயே இருக்கிறது. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வன்னியின் பிரதேச செயலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் தரவின் மறைகுறியாக்கிய பிரதியை இந்த இரண்டில் ஒன்றில் வைக்க உடன்படிக்கை செய்துகொள்ளலாம். மூலம் கொழும்பில் இருக்கட்டும், ஒரு பிரதி வன்னியில், காணிப் பேரேடு போன்றவற்றுக்கு மூன்றாவது பிரதி சட்டப்படி நாட்டுக்கு வெளியே. மேக நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதும்போது, விலகினால் தரவை எந்த வடிவில், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்ற வரியை முதலில் எழுதிவிட்டு விலையைப் பேசலாம். வருடத்துக்கு ஒருமுறையாவது பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதியை இருப்பதாகக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் வீதி, குளம், மணல் எல்லாம் பேசப்படுகின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போகும் பாராளுமன்ற உறுப்பினர்களும் சங்கப் பிரதிநிதிகளும் இதையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்: எங்கள் காணிப் பேரேட்டின் இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது, அதன் திறப்பு யாரிடம், கடைசியாக அதை எப்போது திறந்து பார்த்தீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.