குழந்தைகளின் மூட்டு நோயும் கூட்டு ஆராய்ச்சியும்

நாஞ்சில் நாட்டில் ஒரு குழந்தை காலையில் எழுந்ததும் முழங்கால் மடங்காமல் நொண்டுமாயின், ‘வாயுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்து விடுவது நமது வழக்கம். ஆனால் 16 வயதுக்குள் தோன்றி, 6 வாரத்துக்கு மேல் நீடிக்கும் மூட்டு வீக்கத்தை அவ்வாறு அலட்சியம் செய்தல் தகாது. காலதாமதமானால் மூட்டு முடமாகும். சில குழந்தைகளுக்கு வலியும் சிவப்புமின்றிக் கண்ணுள் அழற்சி புகுந்து பார்வையையே பறித்துவிடும்.

இந்நோய்க்கு எந்த மருந்து, எத்தனை காலம் என்பதை ஓர் ஆஸ்பத்திரி தனித்து நிர்ணயிக்க இயலாது. ஓரிடத்துக்கு வரும் நோயாளிகள் சிலரே. இதை உணர்ந்தே 1996-ல் இத்தாலியின் ஜெனோவா நகரை மையமாகக் கொண்டு பல தேசத்து வைத்தியர்கள் கூட்டு ஆராய்ச்சி ஸ்தாபனம் கண்டனர்.

நமக்கும் இம்முறை புதிதன்று. 1911-ல் ஆராய்ச்சி நிதிச் சங்கமாகப் பிறந்து 1949-ல் பெயர் மாறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிள்ளைகளின் இருதயத்தைக் கெடுக்கும் ருமாட்டிக் ஜுரத்தைக் குறித்துப் பல ஊர்களில் ஒரே திட்டத்தின்கீழ் ஆராய்ச்சி நடத்தியதுண்டு. மூட்டு நோய்க்கும் அத்தகைய நீடித்த மானியம் வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

அம்மானியம் பெருநகரங்களோடு நின்றுவிடலாகாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற ஜில்லா ஸ்தாபனங்களும் அதில் பங்குபெற வேண்டும். கட்டிடத்துக்கும் யந்திரத்துக்கும் முன்னதாக, ஒவ்வொரு குழந்தையையும் பதிவு செய்து, வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஊழியர்களுக்குப் பணம் ஒதுக்குக. ஓட்டுக் கேட்டு வரும் பிரதிநிதிகளிடம் ரஸ்தாவும் பாலமும் கேட்கும் நம்மவர்கள், இதையும் கேட்பார்களாக. நொண்டும் குழந்தைக்கு ஓட்டு இல்லை. அதன் பொருட்டுப் பேசுவது நமது கடமையேயாம்.